இரண்டு அடிப் பொய்

நான் இதுவரை சொன்ன பொய்களிலேயே பெரியது சரியாக இரண்டு அடி அகலம். அதைக் கணினியில் சொன்னேன். இரும்பில் வெட்டி, அம்பிட்டியவில் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் மாட்டினார்கள்.

மகள் வளர்ந்த பிறகு, நாற்பத்திரண்டு வயதில், கணினியில் வரைபடம் வரையும் பயிற்சியை அப்போதுதான் முடித்து, குண்டசாலையில் கேட் செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். நாவலப்பிட்டியில் அம்மா அதற்குள் என்னை இஞ்சினியர் ஆக்கிவிட்டார் (நானும் மறுக்கவில்லை).

அம்பிட்டிய கேட், அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற கணேசன் ஐயாவின் புது வீட்டுக்கு. எட்டு அடி அகலத்தில், நடுவே தாமரையும் சுற்றிலும் கொடியுமாக வரைந்திருந்தேன். ஒரு மாலை அவர் போன் செய்து, வேன் உள்ளே வரவேண்டும், பத்து அடியாக்குங்கள் என்றார். மறுநாள் பௌர்ணமி, போயா விடுமுறை. என் பஸ்ஸுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

கணினியில் ஒரு கோட்டுக்கு அளவு கேட்டால் அதுவே அளந்து இலக்கத்தை எழுதிவிடும். கோட்டை நீட்டினால் இலக்கமும் தானாக மாறும். ஆனால் கொடியை நீட்டி, தாமரையை நகர்த்தி, இதழ் இதழாகச் சரிசெய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். குறுக்கு வழி ஒன்று இருந்தது. இலக்கத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினால் நம் இஷ்டத்துக்கு எதையும் எழுதலாம், கோடு அசையாது. எட்டை அழித்துப் பத்து என்று எழுதி, அச்செடுத்து வைத்துவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்ததில் அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கணேசன் ஐயா அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார். மேசன் அதைப் பார்த்துப் பத்து அடி இடைவெளியில் தூண்களைக் கட்டினார். தகடு வெட்டும் இடத்துக்கோ தாள் போகாது, என் கோப்புதான் போகும். இயந்திரம் இலக்கத்தை வாசிக்காது, கோட்டைத்தான் வெட்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை (தந்தார்கள். நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்).

அவர்கள் வீட்டில் குடிபுகுவதற்கு முதல் நாள் கேட்டை மாட்டினோம். இரண்டு கதவுகளையும் சாத்தியபோது நடுவில் தெரு தெரிந்தது. பக்கத்து வீட்டு நாய் அந்த வழியாக உள்ளே வந்து, முதலாளியின் சப்பாத்தை முகர்ந்துவிட்டு, அதே வழியாக வெளியே போனது.

முதலாளி டேப்பைப் பிடித்தார். எட்டு அடி. உடனே தகடு வெட்டியவருக்குப் போன் செய்து, வாயில் வந்தபடி ஏசத் தொடங்கினார். பாவம், அந்த மனிதர் எதிர்முனையில் மன்னிப்புக் கேட்பது எனக்கே கேட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பிவிடும். எவ்வளவோ மூடிப் பார்த்தேன், முடியவில்லை.

"சேர், அவங்க மேல தப்பில்ல. நான் இலக்கத்த மட்டும்தான் மாத்துனேன். படத்த மாத்தல."

முதலாளி போனை இறக்கினார். நான் மனதுக்குள் அம்மாவிடம் சொல்ல வேண்டிய காரணங்களை அடுக்க ஆரம்பித்தேன். அப்போது கணேசன் ஐயா படியில் உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

"முப்பது வருசமா கந்தோர்ல நாங்களும் இதத்தாம்மா செஞ்சோம். ஒருத்தரும் ஒத்துக்கிட்டதில்ல."

அவருடைய மனைவி ஒரு வழி சொன்னார். வேன் எட்டு அடியிலேயே நுழைந்துவிடும், மிச்ச இடத்தில் ஆட்கள் வந்துபோக ஒரு சின்னக் கேட் போட்டால் என்ன? போட்டோம். அதைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகள் சின்னக் கேட்டோடு கேட்டு வாங்கின. முதலாளி என்னை நிரந்தரமாக்கினார், ஆனால் என் கணினியில் இலக்கத்தைத் தட்டி மாற்றும் வசதியைப் பூட்டி வைத்தார்.

கதை எப்படியோ வீடு வரை வந்துவிட்டது. போன மாதம் என் பிறந்தநாளுக்கு மகள் கேக் வாங்கி வந்தாள். அதில் இருபத்தைந்து என்று எழுதியிருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே, என்ன பிள்ளை இது என்றேன். அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இலக்கத்த மட்டும்தாம்மா மாத்தியிருக்கேன். படம் அப்படியேதான் இருக்கு."