பேஜாரு பெற்ற சான்றிதழ்

மனித குலம் கண்ட மகத்தான கண்டுபிடிப்புகள் மூன்று. முதலாவது நெருப்பு, இரண்டாவது சக்கரம். மூன்றாவது, திருவொற்றியூருக்கு மேற்கே மணலி சாலையோரம் இயங்கும் ஸ்ரீ சுகந்தலட்சுமி கெமிக்கல்ஸ் கண்டுபிடித்தது. முதல் இரண்டையும் யார் கண்டுபிடித்தார்கள் என்று சரித்திரத்துக்குத் தெரியாது. மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் கம்பெனியின் சமூக நல்லுறவு அதிகாரி திரு. சாந்தசீலன். பக்கத்துத் தெருக்காரர்கள் கொடுத்த புகார்களை எல்லாம் அவர் அடுக்கி வைத்து ஆராய்ந்தார். நாய்கள் குரைக்கிற நாட்களில் மட்டுமே ஜனங்கள் ‘நாத்தம் தாங்கல, மூச்சு முட்டுது’ என்று போன் செய்திருந்தார்கள். நாய் குரைக்காத நாட்களில் ஒரு புகார்கூட இல்லை. ஆகவே, காற்று கெடுவதற்குக் காரணம் நாய்.

இப்படி ஒரு முடிவுக்கு வர எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்று பரசுராமன் மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டான். அவன் அதே கம்பெனியில் மூட்டை ஏற்றும் காண்ட்ராக்ட் தொழிலாளி. பர்மனென்ட் ஆகும் நாளை எதிர்பார்த்து எதிர்பார்த்து அவன் மீசை நரைத்திருந்தது. அதிகாரி கும்பிட வேண்டியவர் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. அவர் எந்த முடிவுக்கு வந்தாலும் கும்பிடுவான்.

ஒரு நாள் சாந்தசீலன் அவனை ஏசி அறைக்கே கூப்பிட்டு அனுப்பினார். உட்காரவும் சொன்னார். பரசுராமன் நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான்.

“பரசு, உங்க வீட்டு நாய்தான் அந்தத் தெருவுக்கே தலைமை தாங்குதாமே?”

“ஐயய்ய, அது தெரு நாயி சார். எங்க வூட்டாண்ட சோறு துன்னும். அவ்ளோதான்.”

“தலைமைன்னா அதுதான். அது ஆரம்பிச்சா மத்ததெல்லாம் பின்பாட்டு. அடுத்த மாசம் நம்ம ரெண்டாவது யூனிட்டுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அன்னிக்கு உங்க நாய் அமைதியா இருந்தா, உங்க பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போட எனக்குக் கை கூசாது.”

நாயின் பெயர் பேஜாரு. முதல் நாள் அது வாசலில் வந்து படுத்தபோது, “இன்னாடா இது, புச்சா ஒரு பேஜாரு” என்று பரசுராமனின் மனைவி ராஜாத்தி அலுத்துக்கொண்டதே பெயராக நிலைத்தது. காப்பிப்பொடி நிறம், மடிந்த ஒற்றைக் காது. அதற்கு ஒரு ‘கெட்ட பழக்கம்’ இருந்தது. கம்பெனியில் எதையோ திறந்துவிடும்போதெல்லாம், மனிதர் மூக்குக்கு எட்டும் முன்பே புகைபோக்கியைப் பார்த்துக் குரைக்கும். ராஜாத்திக்கோ இளைப்பு நோய். பேஜாரு குரைத்ததும் ஜன்னலைச் சாத்துவாள், ஈரத்துண்டைக் கதவிடுக்கில் திணிப்பாள், இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொள்வாள். அழுகிய முட்டை வாடை தெருவுக்குள் நுழையும்போது அவள் வீடு சாத்தியிருக்கும். “அது மட்டும் கொலிக்கலன்னா நான் என்னிக்கோ போய்ச் சேந்துருப்பேன்” என்று அடிக்கடி சொல்வாள். பரசுராமனுக்கும் இது நன்றாகத் தெரியும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்தபோது மட்டும் கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

‘நாயும் நாமும்: நல்லுறவுப் பயிற்சி முகாம்’ தெருமுனையில் ஷாமியானா போட்டுத் தொடங்கியது. பேனரில் சாந்தசீலனும் ஏதோ ஒரு சீமை நாயும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் சாவியோ. ராயபுரத்தில் பிறந்து, இப்போது கடற்கரைச் சாலை பங்களா நாய்களுக்கு ஒழுக்கம் கற்பிப்பவர். தொழில் தெரிந்த மனிதர். கம்பெனி செய்த ஒரே தவறு அதுதான்.

“வாலாட்டினா சந்தோஷம்னு நினைச்சிடாதீங்க” என்றார் சாவியோ. “வாலைக் காலுக்கு நடுவுல சொருகினா பயம். வாயில ஒண்ணும் இல்லாமலே உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கண்ணை மட்டும் இந்தப் பக்கம் ஓட்டும். வெள்ளை முழி தெரியும். இதெல்லாம் ‘எனக்குக் கஷ்டமா இருக்கு’ன்னு அது பேசுற பேச்சு.”

எதிர்வீட்டு ஜெரினா கையைத் தூக்கினாள். “சார், எங்க வூட்டுக்காரு சூப்பர்வைசரப் பாத்தா இதே மேரிதான் சார் பண்றாரு. அதுக்கு இன்னா மருந்து?”

“மருந்தெல்லாம் இல்லம்மா. பயமுறுத்துறவங்க பயமுறுத்துறதை நிறுத்தணும்.”

ஷாமியானாவே சிரித்தது. சாந்தசீலன் இருமினார். முகாம் அறிக்கையில் இந்தக் கேள்வியும் பதிலும் இடம்பெறவில்லை.

“இன்னொண்ணு சார்” என்று சாவியோ அதிகாரியிடமே திரும்பினார். “குரைக்கிறது வியாதி இல்ல, தகவல். எதைப் பார்த்துக் குரைக்குதுன்னு முதல்ல பார்க்கணும்.”

“அது இரண்டாம் கட்டப் பயிற்சி. முதல் கட்டம், சைலன்ஸ்.”

சாவியோ வாயைத் திறந்தார், மூடினார், உதட்டை ஒருமுறை நக்கிக்கொண்டார். பிறகு பையிலிருந்து வேகவைத்த சிக்கன் துண்டுகளை எடுத்தார்.

முறை ரொம்ப நாகரிகமானது. அடி கிடையாது, சங்கிலி கிடையாது. உள்ளங்கையை உயர்த்திக் காட்டினால் நாய் உட்கார வேண்டும். குரைக்காமல் இருந்தால் கையிலுள்ள சின்னக் கருவியை அழுத்துவார்கள், ‘டிக்’ என்று சத்தம் வரும், உடனே ஒரு சிக்கன் துண்டு. கொஞ்ச நாளில் சத்தம் கேட்டாலே நாய் கையைப் பார்க்கும். சாந்தசீலனுக்கு அந்தக் கருவி அவ்வளவு பிடித்துப்போய், தனக்கும் ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஆபீஸில் பியூன் டீ கொண்டுவந்தபோது ஒருமுறை அழுத்திப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள்.

பேஜாரு கற்றுக்கொண்டது. சோற்றைக் காண்பதே அதிசயமான தெரு நாய்க்குச் சிக்கன் கிடைத்தால் எந்தக் கொள்கைதான் நிற்கும்? காலில் மை தடவி வைத்த தடத்தோடு அதற்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. பரசுராமனுக்கும் ஒன்று: ‘நாய் உடல்மொழி அறிஞர், தொடக்கநிலை’. கல்யாண போட்டோவைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் அதை மாட்டினான். ராஜாத்தி அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நாயோட வாயக் கட்டிட்டு சர்டிபிகேட்டு வேற” என்றாள். “கூட்டம் முடியட்டும்மே, அப்புறம் கொலிக்கச் சொல்லிக் குடுத்துக்கலாம்” என்று அவன் சமாதானம் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜாத்தி பாயில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாளும் வாசற்படி தாண்டாத பேஜாரு வீட்டுக்குள் வந்தது. காது பின்னால் படிந்திருந்தது, வால் காலுக்கு நடுவில். கொட்டாவி விட்டது. ராஜாத்தியின் பாயைப் பிறாண்டியது. ஜன்னலைப் பார்த்தது, பரசுராமனைப் பார்த்தது, உதட்டை நக்கியது. குரைக்க மட்டும் செய்யவில்லை. அறிஞர் பரசுராமன் அதன் உடல்மொழியை நொடியில் படித்துவிட்டான். சிக்கன் கேட்கிறது. “அட, கொலிக்காம கேக்குது பாரேன்” என்று பூரித்துப்போய், ‘டிக்’ என்று அழுத்தி ஒரு துண்டைப் போட்டான். பேஜாரு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் வாடை வந்தது. ராஜாத்தி எழுந்தபோது மூச்சு உள்ளே போகவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜுபைரின் ஆட்டோ டோல்கேட் நெரிசலில் ஹாரனை அழுத்தியபடியே பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது. ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “நாயி ஏன்யா கொலிக்கல?”

பரசுராமன் அவள் பக்கத்திலிருந்து எழுந்தான். வராந்தாவுக்கு வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அவளைக் கொல்லப் பார்த்தது தன் கையிலிருந்த ‘டிக்’ என்று அவனுக்குத் தெளிவாகவே தெரிந்தது. திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “கூட்டத்துல அல்லாத்தையும் சொல்லிட்றேன்மே. மேடையிலயே எய்ந்து சொல்றேன். ஆர்டரு போனா மயிராச்சு.” ராஜாத்தி அவனை நம்பினாள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் வெகு சிறப்பாகத் தொடங்கியது. கருத்துகளுக்கு முன்பே பிரியாணிப் பொட்டலங்கள் வந்து சேர்ந்திருந்தன. ‘முன்மாதிரிக் குடிமகன்’ பரசுராமனுக்கு மேடையில் நாற்காலி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராஜாத்தி முன்வரிசையில், காலடியில் பேஜாரு. சாவியோ ஓரமாக நின்றார். “இன்று இந்தத் தெரு அமைதிப் பூங்கா” என்று முழங்கிவிட்டு, சாந்தசீலன் பரசுராமனிடம் மைக்கை நீட்டினார்.

பரசுராமன் எழுந்தான். “சார், போன ஞாயித்துக்கெயம எங்க வூட்ல…”

சாந்தசீலன் சிரித்த முகத்தோடு உள்ளங்கையை உயர்த்தினார். இன்னொரு கையில் பழுப்புக் கவர் ஒன்று இருந்தது. பரசுராமன் கவரைப் பார்த்தான், ராஜாத்தியைப் பார்த்தான். முழங்கால் தானாகவே மடிந்தது. உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கணம் பேஜாரு எழுந்து நின்றது. மூக்கு புகைபோக்கிப் பக்கம், வால் விறைத்து நின்றது. தொண்டை கிழியக் குரைத்தது. அதிகாரி அதற்கும் உள்ளங்கையைக் காட்டினார். குரைப்பு கூடியது. சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்து மைக்குக்குப் பக்கத்திலேயே அழுத்தினார். ‘டிக்!’

பேஜாரு திரும்பவில்லை. மேடையில் பரசுராமன் திரும்பி அதிகாரியின் கையைப் பார்த்தான்.

பந்தலே அதைப் பார்த்தது. ஜெரினா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள், பின்னாலேயே ஜனங்கள் எழுந்தார்கள். பரசுராமன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் மனைவி பக்கம் ஓட்டி, காய்ந்த உதட்டை நக்கினான். ராஜாத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, பேஜாருவின் தலையைத் தடவினாள்.

“சாவியோ சாரு, இந்த நாயிக்குக் குட்த்த சர்டிபிகேட்ட வாங்கிக்கினு போ” என்றாள். “இது பெயிலு. பாஸான ஆளு மேடையில குந்திக்கினு கீறாரு.”