வடிவை வரவழைக்க ஒரு கெண்டைக்கால்

வடிவை எப்படியும் ஆதம்பாக்கத்திலிருந்து வரவழைத்தே தீருவது என்று முடிவு கட்டினேன். அதற்கு என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் என் கெண்டைக்கால்.

வடிவு என் மனைவி. சண்முகவடிவு. குரூப் டூ பரீட்சைக்குப் படிக்க அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே இருந்தால் நான் பேச்சுக் கொடுத்தே கெடுத்துவிடுவேனாம். அதுவும் உண்மைதான். அவள் போனபிறகு ராஜா அண்ணாமலைபுரத்து வாடகை வீட்டில் நான் பேசுவதைக் கேட்க ஃபிரிட்ஜ்தான் மிச்சம். கஷ்டமாக இருந்தது ஐயா, மறைப்பானேன்.

தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிற்பதுதான் வேலையே. தண்ணீர் குடிக்க மாட்டோம். பாத்ரூம் மொட்டைமாடியில். ஏறி இறங்குவதற்குள், நான் பிரித்துக் காட்டிய சேலைக்குப் பக்கத்துக் கவுண்டர் லாரன்ஸ் தன் பேரில் பில் போட்டுவிடுவான். டீயிலேயே பொழுதை ஓட்டுவோம். ஆடித் தள்ளுபடி ஆரம்பித்ததும், முப்பதுகூட ஆகாத என் கால் சதை தானாகத் துடிக்க ஆரம்பித்தது.

ஆசையாக வடிவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். தண்ணி குடிங்க, டீயைக் குறைங்க, நேரத்தோட தூங்குங்க, அதுக்கும் நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சொன்னபடி செய்தேன். துடிப்பு நின்றே போய்விட்டது. எனக்கு வந்த சோதனையைப் பாருங்கள்.

துடிப்புக்கு வராதவள் பிடிப்புக்கு வரமாட்டாளா? விடுமுறை நாள் காலையில் வீடியோவில் கூப்பிட்டுக் கட்டிலில் உருண்டேன்.

"வடிவு, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. நீ வந்து நீவிவிட்டாத்தான் சரியாகும்."

"எந்திரிச்சு நில்லுங்க அத்தான். குதிகாலைத் தூக்கி, விரல் மேல நில்லுங்க."

நின்றேன். கட்டின பெண்டாட்டி சொன்னால் நிற்காமல்?

"சாயங்காலம் வரை பொறுத்துக்குங்க" என்றாள்.

வீட்டைப் பெருக்கினேன். மந்தைவெளிக்குப் போய் மல்லிப்பூ வாங்கினேன். போகும்போது நொண்டக்கூட மறந்துவிட்டேன். சாயங்காலம் மணி அடித்தது. கதவைத் திறந்தால், பெட்டியோடு என் மாமனார் கனகராஜ். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். செருப்பைக் கழற்றிய கையோடு என்னை உட்காரவைத்து, முழங்காலை மடக்கவிடாமல் நீட்டி, கால் விரல்களை என் முகத்தைப் பார்க்க இழுத்துப் பிடித்தார். இல்லாத பிடிப்பும் போய்விட்டது.

சமையலறைக்குள் போய் வடிவைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏன் வடிவு இப்படிப் பண்ணுன?"

"நெசமாவே பிடிச்சவன் அப்படி விரல் மேல நின்னா இன்னும் இறுக்கி அலறிருவான் அத்தான். நீங்க கடை பொம்மை மாதிரி நின்னீங்க. ஆனா தனியாக் கெடந்து தவிக்கீங்களே, அது பொய்யில்லன்னு தெரிஞ்சுச்சு. அதான் அப்பாவை அனுப்புனேன். பரீட்சை முடியற வரைக்கும் அங்கதான் இருப்பாரு."

எவ்வளவு நல்ல மனசு.

"பாவம், அவர் இல்லாம உனக்குத்தான் வீடு வெறிச்சுன்னு இருக்குமே?"

"ஆமா அத்தான். இன்னைக்குத்தான் நிம்மதியாப் படிக்கேன். அவரும் உங்களை மாதிரிதான், வாயை மூட மாட்டாரு."

கூடத்துக்கு வந்தேன். மாமனார் தம் பள்ளிக்கூடத்துக் கபடிக் குழுவைப் பற்றி ஆரம்பித்திருந்தார். அன்றிலிருந்து என் வீட்டில் எனக்குப் பேசவே வாய்ப்புக் கிடைக்கவில்லை.