பதிமூணாவது பன்

"ஒண்ணு குறையுதுப்பா! ஒரு டஜன் கேட்டா ஒரு டஜன் அனுப்ப மாட்டீங்களா?"

லாட்ஜ்காரம்மா போன்ல கத்தின கத்துல, கணக்கு கையிலிருந்த பன் நசுங்கிப் போச்சு.

கணக்குங்கறது அவன் நிஜப் பேரில்ல. வீட்டைப் பூட்டிட்டுத் தெருக்கோடி வரைக்கும் போயி, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பாக்கறவனுக்கு வீட்டுல வெச்ச பேரு. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, இந்த பேக்கரியில பெட்டி அடுக்கற வேலையில ஒட்டிக்கிட்டிருந்தான். இன்னும் நிரந்தரம் ஆகலை. முதலாளியம்மா மக வீட்டுக்குப் போயிருந்தாங்க. திரும்பி வந்துதான் வெச்சுக்கறதா, அனுப்பிடறதான்னு முடிவு. அங்க ஊர்ல அப்பாவோ, பையனுக்கு வேலை பெர்மனென்ட்னு தெரு முழுக்கச் சொல்லி முடிச்சுட்டார்.

கணக்குக்குத் தலை சுத்துச்சு. காலையிலதான் ஒரு பெரிய தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்தியிருந்தான். மாஸ்டர் ஒவ்வொரு டஜன் பெட்டியிலயும் பதிமூணு பன் வெச்சிருந்தார். பாவம், அடுப்புச் சூட்டுல எண்ணிக்கை பிசகுது போலிருக்குன்னு, அவர் மனசு நோகாம, ஒவ்வொரு பெட்டியிலேர்ந்தும் ஒண்ணை உருவிக் கூடையில போட்டு மூடி வெச்சான். மேடம் வந்ததும் கூடையைக் காட்டி நல்ல பேரு வாங்கறதா திட்டம்.

பதிமூணுல ஒண்ணு போனா பன்னெண்டு. பதினொண்ணு எங்கேருந்து வந்துச்சு?

மறுநாளும் பெட்டிக்கு ஒண்ணை உருவிட்டு, மிச்சப் பன்னெண்டையும் தொட்டுத் தொட்டு எண்ணினான். வண்டிக்காரர் பெட்டிகளைத் தூக்க வந்தவர், கொஞ்ச நேரம் நின்னு வேடிக்கை பாத்தார்.

"என்ன தம்பி, பன்னுக்கு ஜுரமா? தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க?"

"எண்ணறேண்ணே."

"எண்ணுங்க, எண்ணுங்க" - என்னமோ மனசுல வெச்சுக்கிட்ட மாதிரி முணுமுணுத்துட்டுப் போனார்.

வண்டி போயி அரை மணி நேரம் ஆகலை, போன். ஸ்கூல் கேன்டீன்ல ஒண்ணு குறையுது. ஆஸ்பத்திரி கேன்டீன்ல ஒண்ணு குறையுது. லாட்ஜ்ல கேக்கவே வேண்டாம்.

"அம்மா, கோவிச்சுக்காம எனக்காக ஒரு தடவை சத்தமா எண்ணுங்களேன்."

"நான் என்ன எல்.கே.ஜி.யா? ஒண்ணு, ரெண்டு..." பதினொண்ணுல நின்னாங்க.

கணக்குக்குப் பயத்துல வாய் தானா பேசிடுச்சு. "நீங்களே ஒண்ணு சாப்பிட்டுட்டு மறந்திருப்பீங்களோ?"

அந்தப் பக்கம் பெட்டி மூடி டமால்னு விழுந்துச்சு.

"எனக்கு சுகர்டா பாவி! உன் மேடம் நம்பரைக் குடு. வேண்டாம், என்கிட்டயே இருக்கு."

இதுக்குள்ள மாஸ்டர் மாவுத் துணி தேடி, கூடையைத் திறந்துட்டார். ரெண்டு நாள் பன்னும் அவரைப் பாத்துச்சு.

"யாருடா இதை எடுத்தது?"

"நான்தான் மாஸ்டர். நீங்க ஒண்ணு ஜாஸ்தியா..."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கறியா?" தொப்பியைக் கழட்டி மேஜையில வீசிட்டு, மாவு மூட்டை மேல போயி உக்காந்துட்டார். "இனிமே நீயே எண்ணு. நீயே பிசை. நீயே அடுப்புல உக்காரு."

கணக்கு பின்வாசப் படியில உக்காந்து அப்பாவுக்குப் போன் போட்டான்.

"அப்பா, டஜன்னா எத்தனை?"

"இதைக் கேக்கவாடா இவ்வளவு தூரத்துலேர்ந்து பேசறே? பன்னெண்டும் ஒரு கொசுறும்."

கணக்குக்குக் கண்ணு முன்னாடி அந்தப் பழக்கடை வந்துச்சு. அப்பா ஒரு டஜன் வாழைப்பழம் வாங்குவார். காசையும் குடுத்துடுவார். ஆனா நகர மாட்டார். "கொசுறு?"ம்பார். கடைக்காரர் காதுல விழாத மாதிரி வேற ஆளுக்கு எடை போடுவார். அப்பா கடைக்கூரையைப் பாத்துக்கிட்டே நிப்பார். கணக்கு மானம் போகுதேன்னு அவர் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவான். கடைசியில கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு இன்னொரு பழத்தைப் பிச்சுப் போடுவார். கடையைத் தாண்டினதும் அப்பா அதை அவன் கையில திணிப்பார். சின்னப் பழமாத்தான் இருக்கும். ஆனா வீட்டுக்குப் போற பன்னெண்டுல ஒண்ணுக்குக்கூட அந்த ருசி கிடையாது. வெக்கம் போற வேகத்தை விட வேகமாப் பழம் உள்ளே போயிடும்.

"என்னடா பேச்சையே காணோம்? வேலை எல்லாம் நல்லாத்தானே போகுது? தெருவுல எல்லாரும் விசாரிக்கறாங்க."

"நல்லாப் போகுதுப்பா."

வாசல்ல மேடத்தோட கார் வந்து நின்னுச்சு.

எல்லாத்தையும் கேட்டு முடிச்ச மேடம், நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "டஜன்ங்கற வார்த்தைக்கு ரெண்டும் பத்தும்னுதான் அர்த்தம். லத்தீன்ல பொறந்து, பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது. அதுல நீ சொல்றது சரி. ஆனா அந்தக் காலத்துல ரொட்டி குறைஞ்சா பேக்கரிக்காரனுக்குத் தண்டனை. அந்தப் பயத்துல ஒண்ணு கூடவே போட்டுடுவாங்களாம். அதனால பேக்கரிக்காரன் டஜன்னா பதிமூணு. எங்கப்பா ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்தக் கடையிலயும் அதான்."

மூட்டை மேலேர்ந்து மாஸ்டர் கனைச்சார்.

"மன்னிச்சுடுங்க மேடம். மன்னிச்சுடுங்க மாஸ்டர்."

"அது இருக்கட்டும். பதிமூணுல நீ ஒண்ணு எடுத்தே. பன்னெண்டு போயிருக்கணும். அவங்க பதினொண்ணுங்கறாங்க. இன்னொண்ணு எங்க? தின்னியா?"

"சத்தியமா இல்ல மேடம்!"

"உன்னை நான் எதை நம்பி வெச்சுக்கறது?"

கணக்குக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மேடம் ஸ்பீக்கர்ல லாட்ஜ்காரம்மாவைக் கூப்பிட்டாங்க. "மன்னிக்கணும்மா, இனிமே பழையபடி பதிமூணு வந்துடும்."

"பதிமூணா? உங்க பெட்டியில என் ஜென்மத்துல பதிமூணைப் பாத்ததில்லையே! எப்பவும் கரெக்டா பன்னெண்டு."

மேடம் மாஸ்டரைப் பாத்தாங்க. மாஸ்டர் கணக்கைப் பாத்தார். கணக்கு கூடையைப் பாத்தான். யாருக்கும் ஒண்ணும் விளங்கலை. மாஸ்டர் வீறாப்பா எழுந்து வந்து, மதியப் பெட்டிகள்ல எல்லாரும் பாக்கப் பாக்கப் பதிமூணு பதிமூணா அடுக்கினார்.

அப்பத்தான் வண்டிக்காரர் உள்ளே வந்தார். முதல் பெட்டி மூடியைத் தூக்கிப் பாத்ததும், வாடிக் கிடந்த மூஞ்சி மலர்ந்துடுச்சு.

"அப்பாடா, என் பங்கை மறுபடியும் வெச்சுட்டீங்களா! ரெண்டு நாளா மனசே கேக்கலை மேடம், கஸ்டமரோட பன்னை எடுத்துத் திங்க வேண்டியதாப் போச்சு!"