ஐந்து நட்சத்திர வயலும் டயர் மாமாவும்

“கண்ணால காணாத இடத்துக்கு நீ என்னெண்டு புள்ள எங்களக் கூட்டிப் போவாய்?”

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் டயர் மாமா. இலங்கையில் அவருக்குத் தெரியாத இடம் கிடையாது. இலங்கையில் அவர் பார்த்த இடமும் கிடையாது. சாய்ந்தமருதில் பிரதான வீதியோரம் பஞ்சர் கடை வைத்திருக்கும் மாமா, அன்றுவரை அம்பாறை நகரத்துக்கு அங்கால் ஓர் அடி வைத்தவரல்ல. அம்பாறைக்கும் பழைய டயர் வாங்கத்தான் போனார்.

பிறகு எப்படி ஊர் உலகம் தெரிந்தது என்றால், எல்லாம் காற்றுப் போன வண்டிக்காரர்கள் சொன்னது. டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடும்போதே விசாரணை தொடங்கிவிடும். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே தங்கினீர்கள், எங்கே சோறாக்கினீர்கள், பள்ளிவாசலில் தண்ணீர் வந்ததா, குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டே போவார். கதை சுமாராக இருந்தால் வண்டி உடனே வீதிக்கு வந்துவிடும். கதை ருசியாக இருந்தால் ஒட்டுக் காய்வதற்கு நேரம் எடுக்கும். காட்டில் கரடியைக் கண்ட ஓர் ஆசிரியர் நண்பகல் லுஹர் தொழுகை நேரத்தில் கடைக்கு வந்து, பின்னேர அஸரும் தொழுதுவிட்டுத்தான் புறப்பட்டார் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

மாமாவின் அறிவில் ஒரேயொரு கோளாறு இருந்தது. அவருக்குச் செய்தி சொன்ன அத்தனை பேரும் பஞ்சரானவர்கள். ஆகவே அவருடைய மனதில் இருந்த இலங்கை முழுவதும் ஆணியால் ஆனது. நுவரெலியா எப்படி என்று கேட்டால், “நல்ல குளிர், ஆனா பெரிய ஆணி” என்பார். பாலமுனையில் கல்யாணம் முடித்த ஒரு சோடியை, யாரோ லொறிக்காரர் புகழ்ந்தார் என்று நல்ல வெயில் காலத்தில் ஒரு நீர்வீழ்ச்சிக்கு அனுப்பிவைத்தார். மாப்பிள்ளை திரும்பி வந்து, அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்று கடையில் நின்று சண்டை போட்டார். மாமா டயரிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார்: “தண்ணி இல்லாட்டி என்ன, கல்லு இருந்திச்சுத்தானே?”

அப்படிப்பட்டவர் என்னை நம்பவில்லை என்பதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நானே. இதை நான் அடிக்கடி சொல்வேன். யாரும் கேட்காத இடத்திலும் சொல்வேன். பட்டம் முடிந்த கையோடு கொழும்பில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வாப்பா இறக்காமத்தில் வயல் செய்பவர். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தனியாக ஒரு பெண் பிள்ளை எப்படிச் சமாளிப்பாள் என்பது அவருடைய கவலை. உம்மாதான் இடையில் புகுந்து, பிள்ளைக்கு ஏலுமா ஏலாதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார்.

வாப்பா யோசித்துச் சொன்னார்: “முதல்ல எங்கள ஒரு டூர் கூட்டிப் போய்க் குறையில்லாமக் கொண்டந்து சேரு. மறுகா கொழும்பக் கதைப்பம்.”

பரீட்சை என்றால் எனக்குப் பயமில்லை. ஒரு கிழமை முழுக்க இணையத்தில் இருந்தேன். வெள்ளைக்காரப் பயணிகள் எந்த இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள், எங்கே அழுதார்கள், எங்கே தங்களைக் கண்டடைந்தார்கள் என்று வாசித்து வாசித்து ஒரு பயணத்தையே கட்டி முடித்தேன். நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே ஒன்றையும் சேர்க்கவில்லை.

வாப்பாவோ தன் சிறு வயதுக் கூட்டாளியான டயர் மாமாவையும் அழைத்துவிட்டார். வேனுக்கு டயர் இருக்கிறதே என்பது அவருடைய நியாயம். அப்போதுதான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் கைபேசியைத் தூக்கிக் காட்டி, ஆயிரக்கணக்கான பேர் போய்ப் பார்த்து நல்லம் என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“அவங்க ஆரு? ஆருட மக்கள்?” என்றார் மாமா.

நான் கைபேசியைப் பைக்குள் வைத்தேன்.

வேனின் பின்னால் சட்டி பானைகளைக் கயிறு போட்டுக் கட்டி, அரிசி, பாய், எரிவாயு அடுப்பு எல்லாம் ஏற்றிப் புறப்பட்டோம். எங்கள் பக்கத்தில் டூர் என்றால் அதுதான் முறை; எந்த மலைக்குப் போனாலும் நம்முடைய சோறு நம்மோடு வரும். மாமா நான்கு சக்கரத்தையும் காலால் உதைத்துப் பார்த்தார். உபரிச் சக்கரத்தையும் விடவில்லை. பிறகு பிஸ்மி சொல்லி, காற்றடிக்கும் பம்பை மடியில் வைத்துக்கொண்டு சாரதிக்குப் பக்கத்தில் ஏறினார்.

அம்பாறையைத் தாண்டியதும் அவருடைய வாய் அடைத்துவிட்டது. தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். மொனராகலை நெருங்கும்போதுதான் பழைய ஆளானார். ஒரு வளைவைக் காட்டி, நிந்தவூர்க் கல்யாண பஸ்ஸுக்குக் காற்றுப் போனது இந்த இடம்தான் என்றார். அடுத்த வளைவுக்கும் அதையே சொன்னார். அந்த பஸ் மொத்தம் எத்தனை தரம் பஞ்சரானது என்று சாரதி கேட்டதற்கு, அது தனக்கும் பிடிபடாத விஷயம் என்று ஒப்புக்கொண்டார்.

எல்லவுக்குப் போகும் வழியில் என் பட்டியலின் மகுடம் இருந்தது. ‘கிராமத்து வாழ்வை அனுபவியுங்கள்.’ ஐந்து நட்சத்திரம். வாழ்க்கையையே மாற்றிய காலைப்பொழுது என்று ஒரு ஜெர்மன்காரி எழுதியிருந்தாள். முற்பணமும் கட்டியிருந்தேன். வேன் நின்றது. இறங்கிப் பார்த்தால், வயல்.

படத்தில் வயல் இருந்தது உண்மைதான். ஆனால் ஆங்கிலத்தில் வாசித்தபோது அது வேறு ஏதோ போலத் தெரிந்தது. சிரித்த முகத்தோடு ஒரு சிங்களப் பையன் வந்து எங்களைச் செருப்பைக் கழற்றச் சொன்னான். வரப்பில் வரிசையாக நடத்தினான். ஒரு கதிரைப் பறித்து வாப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்ல, குழந்தைக்குச் சொல்வதுபோல ஆங்கிலத்தில் விளக்கினான். பிறகு மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தான்.

நான் சொன்னேன்: “வாப்பா, இதுதான் நெல்லாம்.”

“ஓம் மகள்,” என்றார் வாப்பா.

முந்தின நாள்தான் அவர் இறக்காமத்து வயலில் தண்ணீர் கட்டிவிட்டு வந்திருந்தார். டூர் போகிற மனிதன் இப்படியா வருவது என்று உம்மா ஏசி ஏசி, கால் நகத்துச் சேற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வைத்திருந்தார். அந்தச் சுத்தமான காலோடு இப்போது வாப்பா காசு கொடுத்துச் சேற்றில் இறங்கினார். பையன் படம் பிடித்தான். பிடித்திருக்கிறதா என்று கேட்டான். வாப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து, “குட், குட்” என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். என் காது இரண்டும் நெருப்பாகக் கொதித்தன.

வேனுக்குள் ஏறிய பிறகு மாமா மெதுவாகக் கேட்டார்: “இத நல்லம் எண்டு எழுதினவங்கட ஊர்ல வயல் இல்லையா புள்ள?”

மதியச் சோறு மாமாவின் பொறுப்பு. பண்டாரவளையில் பள்ளிவாசலுக்குக் கிட்ட பெரிய மரம் ஒன்று, பக்கத்தில் ஓடை, சோறாக்க அதைப் போல இடம் கிடையாது என்று அக்கரைப்பற்றுத் துணி வியாபாரி ஒருவர் சத்தியம் செய்திருந்தாராம். எப்போது சொன்னார் என்று கேட்டேன். சுனாமிக்கு முந்தின வருஷம் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் முளைத்தது. அவருடைய இடமும் கவிழட்டும்.

கவிழ்ந்தது. மரம் நின்ற இடத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடம் இருந்தது. ஓடை சீமெந்து வடிகானுக்குள் போய்விட்டது. மாமா அசரவில்லை. இடம் இதுதான், மரத்தைத்தான் காணவில்லை என்று சொல்லிப் பானையை இறக்கி, அடுப்பை மூட்டிச் சோற்றை ஏற்றினார். பளபளக்கும் இரண்டு கார்களுக்கு நடுவில் பாயை விரித்து உம்மா வெங்காயம் வெட்டத் தொடங்கினார். தள்ளுவண்டியில் சாமான் கொண்டு வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள். சிலர் படமும் எடுத்தார்கள். என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

காவலாளி வந்து சிங்களத்தில் சத்தம் போட்டார். வாப்பா என்னைப் பார்த்தார், மாமா பானையைப் பார்த்தார். நான் பரீட்சைக்குப் படித்த சிங்களத்தை எடுத்து, தட்டுத் தடுமாறிப் பேசினேன். தூர இடத்திலிருந்து வருகிறோம், பழைய ஆள் ஒருவர் சொன்னதைக் கேட்டு வந்துவிட்டோம், அரை அவியலில் சோற்றை எங்கே கொண்டு போவது என்றேன். என் சிங்களத்தைக் கேட்டு அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊழியர்கள் சாப்பிடும் பின்பக்கக் கொட்டிலைக் காட்டி, ஒரு வாளி தண்ணீரும் அவரே கொண்டு வந்து வைத்தார். உம்மா அவருக்கும் ஒரு கோப்பை சோறு கொடுத்தார். நான் மட்டும் சாப்பிடவில்லை. வெட்கத்தில் வேனுக்குள் போய் இருந்துகொண்டேன்.

அடுத்த நாள் விடியலில் என் கடைசி நம்பிக்கை. சூரிய உதயம் பார்க்கும் மலை முனை. பார்த்தவர்கள் பேச்சிழந்தார்கள் என்று எழுதியிருந்தது. நாங்களும் பேச்சிழந்து நின்றோம். மூடுபனி கை நீட்டினால் விரல் தெரியாதபடி கிடந்தது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சாரன் போல இருக்கிறதென்று உம்மா சொன்னார். சூரியன் எங்கேயோ உதித்து, அதன் பாட்டில் மேலே போயிருக்க வேண்டும். வாப்பா முதல் ஆளாக வேனுக்குத் திரும்பினார். கொழும்பு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இறங்கி வரும்போது எதிரே ஒரு வேன் ஏறி வந்தது. கூரையில் சட்டி பானை கட்டியிருந்தது. “நம்மட ஆக்கள்” என்று மாமா எங்கள் வேனை நிறுத்தச் சொல்லி, குதித்திறங்கி, நடு வீதியில் இரண்டு கையையும் விரித்து நின்றார். அக்கரைப்பற்று வேன். கதவு திறந்து ஒரு குடும்பமே இறங்கியது. அவர்களும் வயல்காரர்கள். ஸலாம் சொல்லி, எந்த ஊர், எங்கே பார்த்தீர்கள், எது நல்லம் என்று கேட்டார்கள். வாப்பாவும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். நான் தார் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி மாமா வாயைத் திறப்பார், நெல்லிலிருந்து பனி வரைக்கும் எல்லாம் வெளியே வரும்.

மாமா என் பக்கம் கையைக் காட்டினார். “எங்கட புள்ள கொண்டந்த. படிச்ச புள்ள. ஒரு குறை சொல்லேலா.”

அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். மாமா நிறுத்தவில்லை. விடியக்காலையில் ஒரு மலை காட்டினாள், வாழ்நாளில் காணாத வெள்ளை என்றார். கீழே ஒரு வயல் இருக்கிறது, போகாமல் ஊர் திரும்ப வேண்டாம் என்றார்.

“வயலா?” என்றார் அக்கரைப்பற்றுக்காரர்.

“நம்மட வயல் மாதிரி இல்ல தம்பி. அங்க நாம வேல செய்யத் தேவல்ல.”

அவர் உடனே என்னிடம் இடத்தின் பெயரைக் கேட்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். ஒரு வயல்கார வாப்பா போதாதென்று இன்னொருவரையும் சேற்றுக்கு அனுப்பிவைத்தேன். அந்த வேன் போன பிறகு வாப்பா தன் கூட்டாளியைப் பார்த்தார்.

“என்னத்துக்கு இந்தப் பொய்?”

“எது பொய்? ரெண்டு நாளா நான் ஒரு டயரும் கழட்டல்ல. இதுக்கு மேல என்ன டூர்?” மாமா உண்மையாகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்து, சட்டி பானை இறக்கி முடிந்ததும் வாப்பா என்னைக் கூப்பிட்டார். நான் ஏச்சு வாங்கத் தயாராகப் போய் நின்றேன்.

“நீ கூட்டிப் போன இடம் ஒண்டும் எனக்குப் புடிக்கல்ல மகள்,” என்றார். பிறகு சொன்னார்: “ஆனா அந்தக் காவல்காரனோட நீ கதைச்ச நேரம் பாத்துக்கு நிண்டன். எனக்கு அப்பிடிக் கதைக்கத் தெரியா. நீ கொழும்புக்குப் போ.”

இப்போது கொழும்பில்தான் இருக்கிறேன். அந்த வயலுக்குக் கிழக்கிலிருந்து வேன்கள் இன்னும் போகின்றனவாம். பஞ்சர் ஒட்டுகிற இடத்தில் பரிந்துரை பலமாக நடக்கிறது என்று உம்மா சொல்கிறார். நினைத்தால் இன்னும் காது சுடுகிறது. மாமா வெள்ளிக்கிழமைகளில் வாப்பாவின் தொலைபேசியை வாங்கி, கொழும்பு எப்படி, கடல் எந்தப் பக்கம், ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்கிறார்களே உண்மையா என்று விசாரிப்பார். வரவா என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

போன கிழமை கோட்டை நிலையத்துக்குப் போய், வரும் விடுமுறைக்கு மாத்தறை ரயிலில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் எனக்கும் மாமாவுக்குமாக நான்கு ஆசனம் பதிவு செய்தேன். அடையாள அட்டையில் உள்ள பெயரைக் கேட்டார்கள். மாமாவின் பெயர் எனக்குத் தெரியாது. அங்கேயே வரிசையை விட்டு விலகி நின்று, வெட்கத்தோடு வாப்பாவுக்கு அழைத்துத்தான் கேட்டேன். எழுதிப் பார்த்தபோது, ஒரு பெரிய மனிதரின் பெயர் போல அழகாக இருந்தது. கடல் பக்கத்து ஜன்னலோர ஆசனத்தை அந்தப் பெயருக்கு எடுத்துவிட்டேன்.