மல்கிரேவின் கோஸ்தாரிக்கர்கள்

ஒரு மனிதன் செத்தால் எட்டாம் நாள் அவனுக்குப் படையல் வைக்கவேண்டும். படையல் வைக்க ஒரு கூரை வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். இதில் புரட்சி எதுவும் இல்லை. ஆனாலும் 1977ஆம் ஆண்டு மெல்பேணில் வாழ்ந்த தமிழர்களுக்கு அந்தக் கூரை இருக்கவில்லை.

மல்கிரேவில் தொழிற்சாலைத் தொழிலாளி நாகேந்திரம் காலமானது மாசி மாதத்தில். அவருடைய எட்டுச் செலவு அவருடைய கராஜிலேயே நடந்தது. வெளியே நாற்பத்தொரு பாகை வெயில். மேலே தகரக் கூரை. புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெற்றோல் கானுக்கும் நடுவே வாழையிலை விரித்திருந்தது. தேவாரம் படித்தவர் இரண்டாம் பாட்டில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். மூன்றாம் பாட்டை ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்தபின் விதவை பவளம், அரியரத்தினத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, கொழும்புத் துறைமுகத்தையே பூட்டின ஆள் நீங்கள். எங்களுக்கு ஒரு கதவைத் திறந்து தரமாட்டியளோ?"

அரியரத்தினம் வேலைநிறுத்தம் நடத்திப் பதினொரு நாள் துறைமுகத்தைப் பூட்டிவைத்தவர். இரண்டு தரம் மறியலில் கம்பி எண்ணியவர். நாற்பத்திரண்டு துண்டுப்பிரசுரம் எழுதியவர். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் மெல்பேண் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார். தங்களோடு நின்று கடிதம் பிரிப்பது யார் என்று அங்கே ஒருவனுக்கும் தெரியாது. அவரை அவர்கள் 'ஹரி' என்றார்கள்.

"அடுத்த மாசி ஆட்டைத் திவசம் மண்டபத்திலைதான் நடக்கும்," என்றார் அவர். "இது என்ரை வாக்கு."

அந்த வருடங்களில் மெல்பேணில் பிறநாட்டுக் கலாச்சாரம் ஒரு நாகரிகமாகியிருந்தது. பத்து வருடத்துக்கு முன்னர் பஸ்ஸில் வேற்றுமொழி பேசினால் திரும்பி முறைத்தவர்கள், இப்போது ஏன் உங்கள் தேசிய உடையில் வரவில்லை என்று குறைப்பட்டார்கள். இந்த மனமாற்றத்தை நிர்வகிக்க இனக்குழு நல்வாழ்வுக் காரியாலயம் என்று ஒன்றைத் திறந்து, அதில் பெம்பர்ட்டன் என்பவரை இருத்தியிருந்தார்கள். பெம்பர்ட்டன் நல்ல மனிதர். அவருடைய மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலில் இருந்த எல்லோரையும் அவர் நேசித்தார்.

அரியரத்தினம் மண்டபம் கேட்டுப் போனபோது, "தமிழர்," என்று அதில் விரலால் தேடினார். "தாய்லாந்துக்குச் சற்று முன்னால் வரவேண்டும். இல்லையே. அது எந்த நாடு?"

"நாடில்லை. சனம். இலங்கையிலை இருந்து வந்தனாங்கள்."

"இலங்கைக்கு ஏற்கெனவே மண்டபம் வழங்கியாயிற்று. சனிக்கிழமைதோறும் அங்கே பைலா நடனம்."

"நாங்கள் ஆட வரேல்லை. செத்தவருக்குக் காரியம் செய்ய வேணும்."

"நடனத்தில் இடைவேளை உண்டு," என்றார் பெம்பர்ட்டன் பரிவோடு. "பதினைந்து நிமிடம்."

அரியரத்தினம் எழுந்தார். ஏகாதிபத்தியம் பற்றி இரண்டு வசனம் சொன்னார். பெம்பர்ட்டன் இரண்டையும் குறித்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தினார். மல்கிரேவிலேயே ஒரு மண்டபம் சும்மா கிடக்கிறது. பட்டியலில் அது கோஸ்தாரிக்காவுக்கு ஒதுக்கியது. கோஸ்தாரிக்காக்காரர் எவரும் விண்ணப்பிக்கவில்லை. ஆனி முப்பதுக்குள் ஆள் சேராவிட்டால் பூங்காப் பகுதியார் அதில் உரமூட்டை அடுக்குவார்கள். பெம்பர்ட்டனின் பதவியுயர்வும் அந்த மூட்டைகளுக்கு அடியில் போய்விடும்.

"நாங்கள் கோஸ்தாரிக்கர் இல்லையே?"

"ஐயா, இது பழைய காலம் இல்லை. பிறப்பை வைத்து மனிதரைப் பிரிப்பதைக் காரியாலயம் வன்மையாகக் கண்டிக்கிறது. பதினான்காம் கேள்வியைப் பாருங்கள். 'நடனம், உணவு, விளையாட்டு ஆகியவற்றுள் ஒன்றில் தொடர்ந்த ஈடுபாடு.' அதைக் காட்டினால் போதும்."

கோஸ்தாரிக்கா பற்றி அந்தக் காரியாலயத்தில் இருந்தது ஒரேயொரு தாள். அந்நாட்டு முதற்பிரிவு உதைபந்தாட்டப் போட்டியின் புள்ளி அட்டவணை. யாரோ தவறான உறையில் போட்டு அனுப்பியது.

"மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் போட்டி பற்றி ஓர் அறிக்கை," என்றார் பெம்பர்ட்டன். "வரலாறும் கொஞ்சம் இருக்கட்டும்."

அன்று மாலை குழு கூடியது. குழு என்பது அரியரத்தினம், பொறியியலாளர் விக்னராஜா, மதராஸில் இருந்து வந்த கணக்காளர் நரசிம்மன். மூவரும் ஆயுளில் பந்தை உதைத்தவர்கள் அல்லர்.

"அண்ணை, இது விசர்க்கதை," என்றார் விக்னராஜா.

"மண்டபம் விசரில்லைத் தம்பி. ஓட்டுக் கூரை. குசினி இருக்கு. நூறு கதிரை இருக்கு."

"ஃபேன் இருக்கா சார்?" என்றார் நரசிம்மன்.

"ஆறு."

"அப்ப நாம கோஸ்தாரிக்காதான்."

மண்டப வாசலில் 'கோஸ்தாரிக்கா மக்கள் மன்றம்' என்று பலகை ஏறியது. உள்ளே தேவாரமும் வடையும் நடந்தன. அரியரத்தினம் அந்நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிப்போட்டு, கப்பலில் வரும் பழைய இதழ்களை வாங்கினார். நூலகத்து ஸ்பானிய அகராதியோடு குந்தினார். மறியலில் இருந்தபடி ருஷ்யாவின் கோதுமை விளைச்சலைக் கற்றவருக்கு இது பெரிய வேலை இல்லை.

1921இல் ஏழு அணிகளோடு போட்டி தொடங்கியதையும், முதல் கிண்ணம் எரேதியா ஊருக்குப் போனதையும் எழுதினார். பிறகு சப்ரிசா என்ற அணியைக் கண்டுபிடித்தார். தலைநகரத்து அணி. ஊதா நிறச் சட்டை. 1972இல் இருந்து ஒரு வருடமும் விடாமல் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது. அரியரத்தினத்தின் இரத்தம் கொதித்தது. அப்புறம் கார்த்தாகோவைக் கண்டுபிடித்தார். நீலமும் வெள்ளையும். 1940க்குப் பிறகு அந்த அணி ஒரு கிண்ணமும் காணவில்லை. முப்பத்தேழு வருடம்! அன்று அவர் சாப்பிடவில்லை.

"ஆருக்கு என்ன நடந்தது?" என்று மனைவி சிவனேஸ்வரி பதறினாள்.

"கார்த்தாகோவுக்கு."

"எங்கடை ஆக்களோ?"

அரியரத்தினம் சற்று யோசித்தார். "ஓம்," என்றார்.

'சப்ரிசா ஏகபோகமும் கார்த்தாகோ மக்களின் நீதியும்' என்ற அறிக்கையைப் பெம்பர்ட்டன் இரண்டு தரம் வாசித்தார். நாடு கடந்தும் அணையாத தாயகப் பற்று என்று சிட்னி மாநாட்டில் எடுத்துப் பேசினார். பதவியுயர்வு வந்தது.

இந்தச் சமயத்தில்தான் எலாடியோ பிரேனெஸ் வந்தான். டண்டினோங்கில் ஒரு பேக்கரியில் பாண் சுடுகிறவன். பலகையைக் கண்டு பஸ்ஸால் இறங்கி, தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான்.

"நான் கோஸ்தாரிக்கா," என்றான். கண் கலங்கியிருந்தது. "ஐந்து வருடமாய் ஒருவரையும் காணவில்லை. என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா?"

மண்டபத்தில் நாற்பது தமிழர் வடையோடு அசையாமல் இருந்தார்கள். அசல் கோஸ்தாரிக்கன் ஒருவன் உள்ளே வந்தால் நாளைக்கு மண்டபம் ஆருடையது? தலைவர் என்ற முறையில் அரியரத்தினம் விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

"1921ஆம் ஆண்டுப் போட்டியில் எத்தனை அணி?"

"தெரியாது ஐயா. நான் உதைபந்து பார்ப்பதில்லை. எனக்குச் சைக்கிள் பந்தயம்தான்."

"பிறந்த இடம்?"

"எரேதியா."

"தொடர்ந்த ஈடுபாடு போதவில்லை," என்றார் அரியரத்தினம். "உமது விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது."

இந்த ஒரு வசனத்தை எதிர்த்தே அவர் வாழ்நாளில் ஏழு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறார். அதே வசனம் தன் வாயில் இவ்வளவு வசதியாக உட்காரும் என்று அவர் நினைத்ததில்லை. அன்றும் நினைக்கவில்லை. எல்லாம் முறைப்படி இருக்கவேண்டும் என்று, 'பரிசீலனையில் உள்ள விண்ணப்பம் ஒன்று: எ. பிரேனெஸ், எரேதியா' என ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பதிந்தும் வைத்தார்.

சொன்ன வாக்கின்படி நாகேந்திரத்தின் ஆட்டைத் திவசம் 1978 மாசியில் மண்டபத்தில் நடந்தது. ஆறு ஃபேனும் சுழன்றன. பவளம் அரியரத்தினத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்த இடத்தில் மேடைத் திரை தெரிந்தது. ஊதா நிறம்.

"உந்தத் திரையை ஆர் கட்டினது?"

"நான்தான் அண்ணை," என்றார் விக்னராஜா. "சப்ரிசாவுக்குத் தொடர்ந்து ஆறாவது கிண்ணமெல்லோ. ஒரு மரியாதை."

"தொழிலாளியின்ரை திவசத்திலை முதலாளியின்ரை கொடியோ?"

"என்ன முதலாளி? கெட்டிக்காரர், வெல்லுறாங்கள். முப்பத்தேழு வருசம் தோக்கிறவனுக்கு ஒரு கொள்கையோ?"

"தோக்கிறவனுக்குத்தான் தம்பி கொள்கை வேணும்!"

அரியரத்தினம் திரையை இழுத்தார். விக்னராஜா மறுமுனையைப் பிடித்தார். திரை கிழிந்தது. தமிழ்ச் சனமும் கிழிந்தது. கூடியிருந்தவர்களில் பாதிப்பேர் அந்த நிமிடம்வரை சப்ரிசா என்பது புடவைக்கடை என்று எண்ணியிருந்தவர்கள். அடுத்த வாரமே ஊதாச் சேலை உடுத்தவள் நீலச் சேலை உடுத்தவளோடு பேசவில்லை. நரசிம்மனை இரு பக்கமும் போட்டு வாட்டின.

"நான் பொதுவா இருக்கேன் சார்."

"பொதுவா நிக்கிறவன் ஊதா," என்றார் அரியரத்தினம்.

"பொதுவா நிக்கிறவர் நீலம்," என்றார் விக்னராஜா.

பங்குனியில் இரண்டு மன்றம் இருந்தன. இரண்டும் தாமே உண்மையான கோஸ்தாரிக்கர் என்று காரியாலயத்துக்கு எழுதின. விக்னராஜாவின் கடிதத்தில் 'மிஸ்டர் அரியரத்தினம்' என்றுதான் இருந்தது. அண்ணையைக் காணவில்லை.

பெம்பர்ட்டன் இருவரையும் அழைத்து, மண்டபத்தின் சாவியை வாங்கித் தன் இழுப்பறையில் வைத்தார்.

"கோஸ்தாரிக்க சமூகத்தின் உள்விவகாரங்களில் காரியாலயம் தலையிடாது. அந்நாட்டு மக்கள் இந்தப் பிணக்கை வருடாவருடம் மைதானத்தில் தீர்க்கிறார்கள். அந்த முறையை நாம் மதிக்கவேண்டும். இவ்வருடம் எந்த அணி கிண்ணம் பெறுகிறதோ, அதன் ஆதரவாளரிடம் சாவி."

அந்த வருடம் முழுக்க மண்டபம் பூட்டிக் கிடந்தது. நூறு கதிரையும் ஆறு ஃபேனும் உள்ளே சமாதானமாக இருந்தன. வெளியே, விக்னராஜா சப்ரிசாவின் கோல் சராசரிக்கு வரைபடம் போட்டார். அரியரத்தினம் கார்த்தாகோவின் வெற்றிக்கு நேர்ந்துகொண்டார். கடவுள் இல்லையென்று ஐந்து துண்டுப்பிரசுரம் எழுதியவர், சாமிப்படத்துக்கு முன்னால் சிவனேஸ்வரி வைத்த கற்பூரத்தை ஒருவரும் பார்க்காத நேரத்தில் கொளுத்தினார்.

"அண்ணை," என்று பவளம் ஒருநாள் தொலைபேசியில் கேட்டாள், "வாற மாசி இவருக்கு இரண்டாவது திவசம். மண்டபம் கிடைக்குமோ?"

"கார்த்தாகோ இரண்டு கோல் போட்டால் கிடைக்கும்."

"அவருக்குத் தேவாரம்தான் தெரியும் அண்ணை. கோல் என்னெண்டு தெரியாது," என்று சொல்லிப் பவளம் தொலைபேசியை வைத்தாள்.

1979 தையின் கடைசியில் கப்பல் பத்திரிகை வந்தது. அகராதி தேவைப்படவில்லை. சப்ரிசா கிண்ணம் எடுக்கவில்லை. கார்த்தாகோவும் எடுக்கவில்லை. எடுத்தது எரேதியா.

பெம்பர்ட்டன் கோப்புகளைப் புரட்டினார். விக்டோரியா மாநிலத்தில் எரேதியாவோடு தொடர்புடையவர் எவர்? ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கம், அரியரத்தினத்தின் சொந்தக் கையெழுத்தில், பதில் சொன்னது.

திவசத்தன்று காலை அரியரத்தினம், விக்னராஜா, நரசிம்மன் மூவரும் மண்டப வாசலுக்குப் போனார்கள். ஆபத்தில் ஒற்றுமை வந்திருந்தது. விக்னராஜா மறுபடியும் 'அண்ணை' என்றார். எலாடியோ சாவியோடு நின்றான். முகத்தில் பழியும் இல்லை, பெருமையும் இல்லை. சங்கடம்தான் இருந்தது.

"இன்றைக்கு ஒருநாள் மண்டபம் தேவை," என்றார் அரியரத்தினம்.

"தாராளமாக," என்று எலாடியோ ஒரு படிவத்தை நீட்டினான். "மன்னிக்கவேண்டும். எனக்கு இந்த நாட்டு முறை அதிகம் தெரியாது. உங்களிடம்தான் கற்றேன். பதினான்காம் கேள்விக்குப் பதில் எழுதுங்கள், உடனே திறக்கிறேன். உங்கள் சொந்த இனம், அதன் நடனம், உணவு அல்லது விளையாட்டு. ஒன்று போதும்."

அரியரத்தினம் பேனாவை எடுத்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அரசாங்கப் படிவம் அவரிடம், நீ யார் என்று நேராகக் கேட்டது. 'தமிழர்' என்று எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்தார். 'உணவு:'

"பிட்டெண்டு போடுங்கோ," என்றார் விக்னராஜா.

"இட்லின்னு போடுங்க சார். உலகத்துக்கே தெரியும்," என்றார் நரசிம்மன்.

"இட்லியோ? நாங்கள் என்ன மதராஸிலை இருந்தோ வந்தனாங்கள்?"

"நான் அங்கேயிருந்துதானே வந்தேன்! அப்ப நான் தமிழன் இல்லையா?"

"சிக்கல் வேண்டாம், பொதுவாத் தோசை," என்றார் அரியரத்தினம்.

"எந்தத் தோசை?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். "வெந்தயம் போட்டதோ, போடாததோ?"

எலாடியோ படிவத்தைக் கவனமாக வாங்கி மடித்தான். "பரிசீலனையில் வைக்கிறேன்," என்றான் மரியாதையாக. கையில் இருந்த பாண் பொதியோடு தெருவைக் கடந்து போனான்.

மூவரும் நடந்து பவளத்தின் வீட்டுக்கு வந்தபோது கராஜ் திறந்திருந்தது. புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வாழையிலை. படத்தில் நாகேந்திரம். வெயில் நாற்பத்தொன்று. பவளம் திவசத்துக்கு அழைத்திருந்த எலாடியோ ஏற்கெனவே உள்ளே இருந்து பாண் வெட்டிக்கொண்டிருந்தான். ஊதாக்காரரும் நீலக்காரரும் வாசலில் கூடினார்கள்.

"வாங்கோ," என்றாள் பவளம். "இஞ்சை படிவம் ஒண்டும் இல்லை."

அரியரத்தினம் வாசலில் நின்று உள்ளே சுற்றிப் பார்த்தார். தகரம் உறுதியாகத்தான் இருந்தது.

"பவளம்," என்றார் யோசனையோடு, "ஒரு நிர்வாகக் குழு மட்டும் இருந்தால் இந்தக் கராஜை எவ்வளவு நல்லா நடத்தலாம்."

"தலைவர் ஆர்?" என்றார் விக்னராஜா.

பவளம் கையை உயர்த்திக் கராஜ் கதவின் பிடியைப் பிடித்து இழுத்தாள். தகரக் கதவு கடகடவென்று இறங்கித் தரையில் முட்டியது. உள்ளே அவளும் நாகேந்திரமும் எலாடியோவும் இருந்தார்கள். வெளியே மல்கிரேவ் வெயிலில் தமிழர் இரு தரப்பாரும் நின்று, எந்தத் தரப்பு முதலில் தட்டவேண்டும் என்று விவாதித்தார்கள்.