டேஞ்சர் அண்ணன் போட்ட பூட்டு

உலகத்திலேயே ஜாக்கிரதையான மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: டேஞ்சர் அண்ணன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இருவரும் மெயின்டனன்ஸ் பிரிவு. அவர் எலெக்ட்ரீஷியன், நான் ஃபிட்டர். மிஷினில் கை வைக்கும் முன்னால் கரண்டை நிறுத்தி, சுவிட்சுக்குச் சிவப்புப் பூட்டு போட்டு, 'அபாயம், தொடாதே' என்று ஓர் அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. மற்ற எல்லோரும் இந்த விதியைக் கம்பெனி கேட்டிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். அண்ணன் மட்டும் அதை டிபன் பாக்ஸோடு சேர்த்து மூக்கண்டப்பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அங்கே நாங்கள் குடியிருந்தது ஆறு வீடுகள் கொண்ட ஒரே காம்பவுண்டு. ஒருநாள் வாசல் பல்பை மாற்றுவதற்காக மெயினையே அணைத்துப் பூட்டினார். மாற்றினார். பூட்டைத் திறக்க மறந்து, சாவியோடு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். எட்டு மணி நேரம் ஆறு வீட்டுக்கும் தண்ணீர் ஏறவில்லை. திரும்பி வந்தவரைச் சுற்றி நின்று திட்டினோம். "ஆனா ஒருத்தருக்காவது ஷாக் அடிச்சுதா, சொல்லுங்க?" என்று கேட்டார் மனுஷன்!

அவர் சம்சாரம் இதற்குப் பழிவாங்கினார். தங்கை வீட்டுக்குப் போகும்போது சோற்றுக் குண்டான் மேல் அவருடைய அட்டை ஒன்றையே தொங்கவிட்டுப் போய்விட்டார். அண்ணன் பசியோடு குண்டானுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "எடுத்துச் சாப்பிட வேண்டியதுதானே அண்ணா?" என்றேன்.

"அட்டை போட்டவங்கதான்பா எடுக்கணும்."

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நான் மத்தூருக்கு, ரத்தினம்மா அத்தையின் டிராக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். என் புத்தியை என்ன சொல்ல!

அத்தையிடம் இருந்தது, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுகிற ஆதிகாலத்து வண்டி. மாமா போன பிறகு அதை உழவுக்கு ஓட்டியது அத்தைதான். வண்டியின் கரண்டு மொத்தமே ஆறு வோல்ட். செல்ஃப் பட்டனை அழுத்தினால் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதனால் அத்தை தினமும் முன்பக்கத்தில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றித்தான் கிளப்புவார். போன வருஷம் அந்த ஹேண்டில் எதிர்த்து உதைத்ததில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கட்டு பிரித்தும் பழைய பலம் வரவில்லை.

அத்தை மகன் சீனுவுக்குப் பெங்களூரில் வேலை. நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்த அந்த வண்டியைப் பேசி முடித்துவிட்டான். அத்தை ஒரே ஒரு தவணை கேட்டார். "இந்த மாசம் கடேசி ஞாயித்துக்கிழமை, நான் பட்டனை அழுத்தி வண்டி எழுந்துக்கலைன்னா ஏத்திக்கினு போயிடு. எழுந்துக்கிச்சுன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது."

அண்ணன் வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தார். பேட்டரியைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயையோ! பாடிக்குப் பிளஸ்ஸைக் குடுத்திருக்கான்! உலகமே மைனஸைக் குடுக்குது, இவன் மட்டும் என்னா தலைகீழா?"

"ஆவுமா, ஆவாதா தம்பி?" என்றார் அத்தை.

"ஆவும்கா. பன்னெண்டு வோல்ட்டா மாத்திடலாம். ஆனா நான் சொல்றபடிதான் கேக்கணும்."

"கேக்கறேன்" என்று அத்தை சொன்னது சுத்தப் பொய்.

எங்களுக்கு ஓய்வு சனிக்கிழமை. நான்கு சனிக்கிழமை வேலை நடந்தது. பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, காரில் இருந்து எடுத்த ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். காயில், பல்பு, எலி கடித்த ஒயர் எல்லாம் மாறின. பிளஸ், மைனஸ் நேரானது. செல்ஃப் மோட்டாருக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை.

"ஆறு வோல்ட் மோட்டார்கா இது. பன்னெண்டு குடுத்தா பேய் மாதிரி சுத்தும். அஞ்சு செகண்டுக்கு மேல அழுத்தக்கூடாது. ஒருதபா அழுத்தினா ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் குடுக்கணும். இல்லைன்னா கருகிடும்" என்று நூறு முறையாவது சொல்லியிருப்பார்.

கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. ஞாயிறு காலை எல்லோர் முன்னாலும் ஸ்டார்ட் செய்வதாகத் திட்டம். அதற்காக நான் லீவு போட்டிருந்தேன். அண்ணன் என்ன செய்தார்? புதிதாக வைத்த பேட்டரி சுவிட்சை அணைத்து, சிவப்புப் பூட்டைப் போட்டு, அட்டையை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, சாவியை என்கிட்ட குடுங்க."

"பூட்டினது நீயா? காலையில ஷிஃப்டுல தலையைக் காட்டிட்டு, பர்மிஷன் போட்டுக்கினு பத்து மணிக்கு வந்துடுவேன்."

பத்து மணிக்கு லாரி வந்தது. கூடவே சீனு வந்தான். அண்ணன் வரவில்லை. கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் பேசவும் வழியில்லை. பதினொன்று அடித்தது. லாரிக்காரர் சங்கிலியை இறக்கத் தொடங்கினார்.

"மச்சான், கட்டர் இருக்குதா? பூட்டை வெட்டிடலாம். ஸ்டார்ட் ஆச்சுன்னா ஆகட்டும், இல்லைன்னா நான் ஏத்திக்கறேன்" என்றான் சீனு.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. கட்டரை எடுத்தே விட்டேன். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"தொடாதே! அந்தப் பூட்டு எதுக்குன்னு எனக்குத் தெரியும்." வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். "பத்து மணி வரைக்கும் எனக்குப் பொறுக்கலைடா. விடிஞ்சதும் போயி, பட்டன்தான் பூட்டிக் கிடக்குதேன்னு இந்தக் கையாலயே ஹேண்டிலைப் போட்டேன். கரண்டு இல்லாததால சும்மா சுத்திச்சு. பூட்டு இல்லாம இருந்திருந்தா திரும்பவும் உதைச்சிருக்கும். நான் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேன்னு அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சிருக்குது. பன்னெண்டு வரைக்கும் பாக்கலாம். வண்டி போனாலும் போவட்டும், பூட்டை வெட்டக்கூடாது."

சீனு லாரிக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். நான் கட்டரைப் பைக்குள் வைத்தேன். வெட்கமாக இருந்தது.

பன்னிரண்டுக்குச் சில நிமிஷம் இருக்கும்போது ஒரு மொபெட் வந்தது. யூனிஃபார்ம், ஹெல்மெட், கம்பெனி பூட்ஸ் சகிதம் அண்ணன்! கம்பெனியில் ஒரு மிஷின் படுத்துவிட்டதாம். ஓசூரிலிருந்து மத்தூர் வரைக்கும் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"கொஞ்சம் வேகமாத்தான் வந்தா என்னா அண்ணா?" என்று கத்தினேன்.

"விழுந்து கிடந்தா யாருப்பா பூட்டைத் திறக்கறது?"

எல்லோரையும் மூன்றடி தள்ளி நிற்கவைத்தார். அட்டையை எடுத்தார். பூட்டைத் திறந்தார். சுவிட்சைப் போட்டார். அத்தை ஏறி உட்கார்ந்து, அந்த முறிந்த கையின் கட்டைவிரலால் பட்டனை அழுத்தினார்.

மோட்டார் சுற்றிய சுற்றில் வண்டியே குலுங்கியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. "விடுங்கக்கா!" என்றார் அண்ணன். இரண்டு நிமிஷம் ஓய்வு. மறுபடி அழுத்தினார். பிடிக்கவில்லை. லாரிக்காரர் சங்கிலியைத் தோளில் போட்டார். அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அந்த மனிதர் பதறி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

அத்தைதான் குனிந்து பார்த்தார். "ஏன் தம்பி, பெட்ரோல் குழாயை மூடினது நீதானே?"

ஆமாம், அவரேதான். நேற்று பூட்டு போடும்போது பாதுகாப்புக்காக மூடியவர், பதற்றத்தில் திறக்க மறந்திருக்கிறார். "நான்தான்கா... நான்தான்" என்று சொல்லிக்கொண்டே திறந்துவிட்டார்.

மூன்றாவது முறை அழுத்தியதும் வண்டி ஒரே இருமலில் எழுந்துகொண்டது! கரும்புகை, படபட சத்தம். அத்தை சிரித்த சிரிப்பு சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. நான் விசில் அடித்தேன். சீனு லாரிக்காரரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னான். லாரி காலியாகவே திரும்பிப் போனது.

அத்தை வரப்பு வரைக்கும் ஓட்டிப்போய் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். பட்டனை அழுத்தினார். எழுந்தது. மறுபடி அணைத்தார், மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் தன் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். இரண்டு நிமிஷ ஓய்வாவது ஒன்றாவது!

போச்சு, இப்போது அண்ணன் கத்தப்போகிறார் என்று நான் ஓடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது.

"விடுப்பா, அக்கா ஆசை தீர அழுத்தட்டும். மோட்டார் கருகினா இன்னும் நாலு சனிக்கிழமை வந்து காயில் கட்டிக் குடுத்துட்டுப் போறேன்."