பெரியவர் நெற்றியிலிருந்த ஒரு ரூபாய்

“பழைய காசு வாங்க நல்ல இடம் எதுண்ணே?” என்று எங்கள் லைனில் புதிதாகச் சேரும் பையன்கள் யாராவது கேட்பார்கள். நான் தாராளமாகச் சொல்வேன். சென்னையில் அவ்வப்போது நடக்கும் நாணயக் கண்காட்சிக்குப் போ, ரசீது கொடுக்கிற வியாபாரியிடம் வாங்கு, போனில் பளபளவென்று காட்டுகிறவனை நம்பாதே என்று பெரிய மனுஷன் மாதிரி அடுக்குவேன். காசு தேடிப் போகவே கூடாத இடம் ஒன்றும் எனக்குத் தெரியும். அதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் டீ பிரேக் முடிவதற்குள் கம்பெனி முழுக்கப் பரவிவிடும். இங்கே எழுதுகிறேன் என்றால், எங்கள் லைனில் ஒருத்தனும் புத்தகத்தைத் தொடமாட்டான் என்ற தைரியம்தான்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஷிஃப்ட் முழுக்க லென்ஸை வைத்துக்கொண்டு இரும்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த லென்ஸை வெளியிலும் விடாமல் பிடித்துக்கொண்டதில் வந்த வியாதி இது. (வேறு நல்ல பழக்கம் எதுவும் அப்போது கைவசம் இல்லை.)

காசு வாங்க நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர் அடகுக்கடையில் போய் நின்றேன். “வைக்கிறியா, மீட்கிறியா?” என்றார் முதலாளி. இரண்டும் இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். காயலான் கடைக்காரர் எடை போட்டுத்தான் விற்பேன் என்றார். கொரியாக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல் வாசலில் வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஒரு வெளிநாட்டுக் காசு சம்பாதித்தேன். அது அவர்கள் ஊர் விளையாட்டு மையத்து டோக்கன் என்று பிற்பாடு தெரிந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்களின் சில்லறை டப்பாவைக் கிளறிப் பார்க்கக் கேட்டதில், அந்த ஸ்டாண்டில் எனக்குச் ‘சில்லறை’ என்றே பெயர் விழுந்தது. ஆன்லைனில் ஒரு ராஜா காலத்துக் காசுக்குப் பணம் கட்டினேன். வந்தது, அது வந்த டப்பாவைவிட லேசாக இருந்தது.

கடைசியில் கிராமங்களில் வீடு வீடாகக் கேட்பதுதான் உத்தமம் என்று முடிவு செய்தேன். வார லீவில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அப்படித்தான் ஒரு கிராமத்தில், குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போய் நின்றேன்.

“பழைய காசு இருந்தா விலைக்கு வாங்கிக்கிடுவேம்மா.”

“போன மாசம் ஒருத்தன் பழைய பட்டுப்பொடவ கேட்டுகினு வந்தான். நீ காசு கேக்குற. அடுத்தது இன்னா, எங்களயே கேப்பீங்களா?” என்றவர், என் முகத்தில் என்ன பாவத்தைக் கண்டாரோ, உள்ளே போய் ஒரு பத்து பைசாவைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் உடனே அதைத் திருப்பிப்போட்டு, லென்ஸை வைத்து, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன்.

“எல்லாரும் காசுன்னா மொதல்ல சிங்கத்தப் பாப்பாங்க. நீ இன்னாடா பின்னாடியே பாக்குற?”

“வருஷத்துக்குக் கீழ ஒரு சின்னக் குறி இருக்கும்மா. எந்த ஊர்ல அடிச்சதுன்னு அதை வச்சுத்தான் தெரியும். விலையே அதுலதான் இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வூட்டுக்காரர்கிட்ட பெரிசா ஒரு ஒத்த ரூபா கீது. சட்டப்பையவுட்டு எடுக்கமாட்டாரு. அது கீற வரைக்கும் கெணத்துல தண்ணி வத்தாதாம். கெணறு இருந்த நெலத்துல கம்பெனிக்காரன் காரு நிறுத்திகினு கீறான். இவரு இன்னும் காச வெச்சிகினு கீறாரு.”

பெரிய ஒற்றை ரூபாய்! என் ஆல்பத்தில் அந்த வரிசையில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. ஒரு தடவை பார்க்க முடியுமா என்று கெஞ்சினேன்.

“அவரு உசுரோட கீற வரைக்கும் நடக்காது, போ” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவர் பாத்திரத்துக்குத் திரும்பினார். நான் அந்த வீட்டின் பச்சை கேட்டை மனசில் குறித்துக்கொண்டு வந்தேன்.

இதற்கு நடுவே எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்த ரேவதிக்கும் எனக்கும் காதல். அவள் உள்ளூர் விவசாயக் குடும்பம். அவள் அப்பா ஏழுமலைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, நம்பிக்கை வரவில்லை. “எங்கியோ தெக்க இருந்து வந்த புள்ள. நம்ம ஆளுங்க இன்னா சொல்வாங்களோ” என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய அண்ணன், ரேவதியின் பெரியப்பா, இறந்துபோனார். குழந்தை இல்லாத மனிதர். ஏழுமலை என்னைப் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, எங்க ஜனம் மொத்தமும் அங்கதான் இருக்கும். வந்து நில்லு. அண்ணிக்கும் பெரியவங்களுக்கும் உன்னப் புடிச்சிப்போச்சின்னா மேல பேசலாம். புடிக்கலன்னா என்னக் கேக்காத.”

அதாவது சாவு வீட்டில் எனக்குப் பெண் பார்க்கும் படலம், நான்தான் பெண். இருப்பதில் வெள்ளையான சட்டையைப் போட்டுக்கொண்டு, மாலை வாங்கிக்கொண்டு, ரேவதி அனுப்பிய வழியைப் பிடித்துப் போய் இறங்கினேன். ஷாமியானாவுக்குப் பின்னால் பச்சை கேட் தெரிந்தது.

அந்த நிமிஷமே திரும்பியிருக்க வேண்டும். கல்யாணக் கவலையில் உள்ளே போனேன். ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார், மறுபடி அழுதார். அடையாளம் தெரியவில்லை, தப்பித்தோம் என்று மாலையைப் போட்டுவிட்டுக் கைகூப்பினேன். அப்போதுதான் கண்ணாடி வழியே பெரியவரின் நெற்றியைப் பார்த்தேன்.

அதே ரூபாய். சட்டைப்பையை விட்டு வராத ரூபாய், சந்தனத்தில் ஒட்டி, சிங்கம் மேலே தெரிய உட்கார்ந்திருந்தது. அகலத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்த வரிசைதான். வருஷமும் குறியும் அந்தப் பக்கம், பெரியவரின் தோலோடு தோலாக.

எனக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அங்கிருந்து நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். நானோ குனிந்தேன். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தேன். மறுபடி மங்கியது, மறுபடி துடைத்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “யாருடி இந்தப் புள்ள, மூஞ்சியத் தடவித் தடவி அழுவுது?” என்றது. “நம்ம ரேவதிக்குப் பேசிகினு கீறாங்களே, அந்தப் பையன்” என்றது இன்னொன்று. ஏழுமலை தூரத்தில் நின்று என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். பரீட்சையில் பாஸ் ஆகிக்கொண்டிருந்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

வாய்க்கரிசி போடுவதற்காகப் பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். எனக்குள் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. திருடுவதற்கு இல்லை, சத்தியமாக. மேலே விழுந்து அழுகிற மாதிரி குனிவது, நகத்தால் காசை நெம்புவது, குறியைப் பார்ப்பது, பழையபடி ஒட்டிவிடுவது. கண் இமைக்கும் நேரத்து வேலை. செத்துப்போனவர் முகத்தை இன்ஸ்பெக்‌ஷன் டேபிள் மாதிரி நினைத்தவனை என்னவென்று சொல்வது!

“ஐயா!” என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுக் குனிந்தேன். விரல் காசைத் தொடுவதற்குள், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த ரேவதியின் அத்தை ஒருவர், “அழு ராஜா, நல்லா அழு” என்று என் பின்மண்டையை இரண்டு கையாலும் அணைத்து அழுத்தினார். நன்றாக உழைத்த கை. என் நெற்றி பெரியவரின் நெற்றியில் போய் இடித்தது. ஐஸ் மாதிரி இருந்தது. அப்படியே வைத்திருந்துவிட்டு, ஒரு வழியாக என்னை விட்டார். நிமிர்ந்தேன்.

மேளம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் பெரியவரின் நெற்றியைப் பார்த்தேன். காசைக் காணோம்!

விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அந்தப் பதற்றத்தில் நான் செய்ததை இப்போது எழுதக்கூடக் கை வரவில்லை. பெரியவரின் கழுத்து மாலைக்குள் கையை விட்டுத் தேட ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே வாய்விட்டு, “காசு... காசு எங்க?” என்று கேட்டும் விட்டேன். அத்தனை ஜனத்துக்கு நடுவில், பிணத்திடம் காசு கேட்டவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து ரேவதி தன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். என் தலையெழுத்து உன்னைப் போய்க் கட்டிக்கொள்ள நினைத்தேனே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு மேலும் தேடினேன். ஒரு கிழவர்தான் அலறினார்: “அடப்பாவி, பொணத்துக் காசு அவன் நெத்தியில கீதுடா!”

கையை வைத்துப் பார்த்தேன். இருந்தது. என் வியர்வையும் பெட்டியின் ஈரமும் சந்தனமும் சேர்ந்து, நன்றாகவே பிடித்திருந்தது.

“அபசகுனம்” என்றார் ஒருவர். “இவன் யாரு, எங்கிருந்து வந்தான்?” என்றார் இன்னொருவர். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். பெண் போயிற்று, மரியாதை போயிற்று, ரேவதியை அவள் வீட்டாருக்கு முன்னால் கேவலப்படுத்தியாயிற்று என்று புரிந்தது. அங்கேயே பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று நின்றேன்.

அந்த அம்மா, ரேவதியின் பெரியம்மா, எழுந்து வந்தார். என் நெற்றியிலிருந்த காசைப் பிய்த்துக் கைக்குள் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் என் கண்ணையே பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“சும்மா கூவாதீங்க. ஜென்மத்துக்கும் அந்தக் காச யாருக்கும் குடுக்காத மனுசன், இந்தப் புள்ளைக்குக் குடுத்துகீறாரு. ரேவதிக்கு இவன்தான்னு சொல்லிட்டுப் போறாரு. அவருக்கு வேற காசு எடுத்து வையிங்க.”

தாலி இழந்து நிற்கிறவரிடம் அன்றைக்கு யார் எதிர்வாதம் செய்வார்கள்? அபசகுனம் என்றவரே, “அதான பாத்தேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேளம் மறுபடி ஆரம்பித்தது. பாடைக்கு என்னையும் தோள் கொடுக்கச் சொன்னார்கள். அந்த வழி முழுக்க அழுதேன். அது நடிப்பில்லை. அவ்வளவு பெரிய மனசுக்கு முன்னால் என் புத்தி எவ்வளவு சின்னது என்று தோளில் கனத்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது ஏழுமலை என்னை ‘மாப்ள’ என்று கூப்பிட்டார். எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ரேவதியை யாரும் ஏமாற்ற முடியாது. “கண்ணாடியத் தொடச்சித் தொடச்சி நீ இன்னா பாத்தன்னு எனக்குத் தெரியும். எங்க பெரியப்பா மூஞ்சிய ஒரு தடவயாவது பாத்தியா?” என்று கேட்டாள். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ரொம்ப நாள் பேசாமல் இருந்தாள். பெரியம்மா சொன்ன சொல்லுக்காகத்தான் கட்டிக்கொண்டதாக இன்றைக்கும் சொல்கிறாள்.

காசு என்ன ஆயிற்று என்கிறீர்களா? பிணத்தின் மேல் இருந்ததை வீட்டில் வைக்காதே என்று ஊரே சொல்லியும் கேட்காமல், காரியத்தன்று பெரியம்மா அதைப் பெரியவரின் போட்டோ கண்ணாடியில், நெற்றிக்கு நேராக, பசை போட்டு ஒட்டிவிட்டார். சிங்கம் வெளியே, வருஷம் உள்ளே. வருஷா வருஷம் திதி அன்று, “மாப்ள, நீயே பொட்டு வையி” என்பார். அத்தனை பேர் பார்க்க நான் அந்தக் காசின் மேல் குங்குமம் வைப்பேன். காசு கொடுத்த கதையை யாராவது ஒருவர் புதிதாக வந்தவருக்குப் பக்தியோடு சொல்வார். ரேவதி சமையல்கட்டில் இருமுவாள். என் ஆல்பத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலிதான். கண்காட்சியில் அந்தக் காசு கிடைக்கும், விலையும் பெரிதில்லை. வாங்க மனசு வரவில்லை.

இந்த வருஷத் திதிக்குப் போயிருந்தோம். பெரியம்மாவுக்கு முட்டி வலி, கட்டிலோடு இருக்கிறார். சாப்பாடு முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“எனக்குப் புள்ளயா குட்டியா? நான் போனா அன்னிக்கு அழுதியே, அது மாரி அழுவணும் நீ.”

ரேவதிக்கு எப்போதும் வாய் சும்மா இருக்காது. “உங்களுக்குப் புதுக் காசா வெப்போம் பெரிம்மா. அப்பதான் இவரு ஒழுங்கா அழுவாரு” என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பெரியம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழாயடியில் பார்த்த அதே சிரிப்பு.

“புதுசெல்லாம் வேணாம். போட்டோல கீறதயே பேத்து வையிங்கடி” என்றார். “பின்னாடி இன்னா கீதுன்னு பாக்கவாவது கிட்ட வந்து குனிவான்.”